புதுக் குழாய்

குடிநீர் வாரியக் கூட்டத்துக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. எட்டு வருடம் உறுப்பினராக இருந்தேன். மற்றவர்கள் டீ வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டட வேலை தெரிந்த ஆள் ஒருவர் வாரியத்துக்கு வேண்டும் என்று தலைவரே சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் காண்டிராக்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரை இடிந்து விழுந்தது. ஒரு கொத்தனாரும் கலவை சுமந்த பெண்ணும் அடியில் மாட்டிக்கொண்டார்கள். கான்கிரீட் இறுகும்வரை நிற்கவேண்டிய முட்டுகளை நான் ஒன்பதாம் நாளே எடுக்கச் சொல்லியிருந்தேன். வேறு வேலைக்குத் தேவைப்பட்டன. தொழில் செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆட்களே அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள் என்று விசாரணையில் சொன்னேன். இறந்தவர்கள் வந்து மறுக்கப்போவதில்லை.

இடிந்த வீட்டுக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து நின்றார். "என் மெஷின் ஜன்னலோரமாத்தான் இருக்கு. இவரே நின்னு எடுக்கச் சொன்னாரு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

நான்கு வருடம் உரிமம் போயிற்று. வீட்டுக்கு வந்து அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவரு பார்த்ததைத்தானே சொன்னாரு" என்றாள். அதன்பிறகு இதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

ஊருக்கு மறதி அதிகம். சில வருடங்களில் என்னையே வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் குறை வைக்கவில்லை. எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுத்தான் ஊழியர்கள் போவார்கள்.

தையல்காரர் தெருவுக்குப் புதுக் குழாய் போடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவனும் நான்தான். தனிப் பள்ளம் தோண்டினால் பாறை இடிக்கும், கழிவுநீர்க் குழாய் போகும் பள்ளத்திலேயே போட்டுவிடலாம் என்றேன். பொறியாளர் தயங்கினார். நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றதும் கையெழுத்துப் போட்டார். சொன்னபடி கூடவே இருந்தேன். தையல்காரர் வாசலுக்கு நேரே வரும் இணைப்பை என் கையால் மாட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் ஒரு பாட்டிலில் தண்ணீரோடு வந்தார்.

"ஒரு மாதிரி வாடை வருதுங்க. பேத்திக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது."

"புதுக் குழாய்ல அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க. பிள்ளைக்கு நிறையத் தண்ணி குடுங்க, உடம்பு வறண்டுடக் கூடாது" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "பழசை மனசுல வெச்சுக்காம எங்க தெருவுக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்று கும்பிட்டார். நான் அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன்.

அன்று பிற்பகலே, வழக்கமாக எடுக்கும் மாதிரிகளின் பரிசோதனைக்கூட அறிக்கை என் மேஜைக்கு வந்தது. அந்தத் தெருத் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தது. தரக்குழுவுக்கு நான்தான் பொறுப்பு. அந்தத் தெரு வால்வை மூடச் சொல்ல ஒரு போன் போதும். அறிக்கையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

அந்த இணைப்பிலிருந்து நீங்கள் தோண்டி எடுத்த ரப்பர் வளையத்தில் ஒரு துண்டு இல்லை என்கிறீர்கள். நான்தான் வெட்டினேன். நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறோம். மீதி நேரம் காலிக் குழாய் சுற்றியிருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது தெரியாத வாரிய உறுப்பினர் இருக்க முடியாது.

முதலில் தையல்காரரின் பேத்தி போனாள். பிறகு அவர் மனைவி. அவர் மட்டும் எழுந்துவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனேன். ஜன்னலோரம் மெஷின்முன் சும்மா உட்கார்ந்திருந்தார். ரெண்டு கண்ணால பார்க்கிறவர்தானே, பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் பதினான்கு பேர் என்கிறீர்கள். பெயர்களைப் படித்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவர்மீதும் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதனால், கொலை என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.