என்னை மூடிக் கிடந்தவன்

ஓடுகிறோம். தெரு ஒடுக்கம். முன்னால் சனம். பின்னால் சனம். என் கையில் அரிசிப் பை. தம்பி யூட் எனக்கு ஓரடி பின்னால். காத்மாண்டு. 2006 ஏப்ரல். சனிக்கிழமை. மன்னர் தொலைக்காட்சியில் பேசியதற்கு மறுநாள்.

துக்.

அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். ஷெல் குழாயை விட்டுக் கிளம்பும்போது அப்படித்தான் கேட்கும். கிளம்புவதற்கும் விழுவதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடக்கூடாது. நிற்கக்கூடாது. குப்புறப் படுக்க வேண்டும். எங்கள் ஊர் மன்னாரில் நடக்கப் பழகும் வயதிலேயே பிள்ளைகள் இதையும் பழகிவிடும்.

"அண்ணை, விழு!"

யூட் கத்தினான். என் கொலரைப் பிடித்து இழுத்தான். நான் விழுந்தேன். அவன் என்மேல் விழுந்தான். என் தலையைத் தன் இரண்டு கையாலும் பொத்தினான். நான் மூத்தவன். அவன் என்னை மூடிக்கொண்டு கிடந்தான்.

ஷெல் வரவில்லை. அது பொலிஸ்காரர் அடித்த கண்ணீர்ப்புகைக் குண்டு. புகை வந்தது. புகைக்குப் பயந்து சனம் ஓடிவந்தது. நாங்கள் மட்டும் தரையில் கிடந்தோம்.

நாங்கள் அந்த ஊருக்கு மன்னரை விரட்டப் போனவர்கள் இல்லை. கனடா போக ஏஜென்சிக்காரன் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தான். கையில் கள்ள இந்தியக் கடவுச்சீட்டு. எனக்கு ஒரு பெயர். யூட்டுக்கு சுரேஷ் குமார். கத்தோலிக்கப் பெடியனுக்கு நல்ல பெயர்தான். லொட்ஜில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. வெளியே தலைகாட்டாதே, வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். போனவன் போனவன்தான்.

பிறகு ஹர்த்தால் தொடங்கியது. கடைகள் பூட்டு. பஸ் இல்லை. ஊரடங்கு. சுட உத்தரவு என்று லொட்ஜ்காரர் கையால் துவக்குப் பிடித்துக் காட்டினார். ஊரடங்கை எடுக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் சாமான் வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு கிடைத்தால் அன்று பெருநாள்.

ஒரு பொழுதுபட்ட நேரம் ஊர் முழுக்க விளக்குகள் அணைந்தன. நானும் யூட்டும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். வானத்தில் இரைச்சல் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு கிடந்தோம். குண்டு போடும் கிபிர் விமானம் வரவில்லை. மொட்டைமாடியில் தட்டுகள் அடிக்கும் சத்தம்தான் வந்தது. லொட்ஜ்காரரின் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு நின்றா. பக்கத்து வீட்டு மாடியிலும் அதே. மன்னர் போகட்டும் என்பதற்காகச் சனமே விளக்கை அணைத்திருக்கிறது. யூட் கட்டிலுக்குக் கீழே கிடந்து சிரித்தான். விசர்ச் சனம், விளையாட்டுக்கு இருட்டாக்குதுகள் என்றான்.

நாளுக்கு நாள் ஊர்வலம் பெருத்தது. வெளிச் சுற்றுச்சாலையில் நின்ற சனம் உள்ளே வரத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மன்னர் தொலைக்காட்சியில் வந்தார். அதிகாரத்தைத் திருப்பித் தருகிறேன், பிரதமரைச் சொல்லுங்கள் என்றாராம். லொட்ஜ்காரர் உச்சுக்கொட்டினார். போதாது என்று தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் அரிசி வாங்க இறங்கினோம்.

சனம் ஓடி முடிந்து நான் தரையிலிருந்து எழும்பியபோது தெரு வெறுமை. முதுகில் பாரம். தம்பி எழும்பவில்லை. அவனைப் புரட்டினேன். காயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கால் கொஞ்சம் இரத்தம். கூப்பிட்டேன். நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் யாருக்கும் தமிழ் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சுரேஷ் குமார் என்று எழுதினார்கள். வயது இருபத்து நான்கு. ஆற்றங்கரையில் எரித்தார்கள். ஞானஸ்நானம் எடுத்தவன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சிறை. சாம்பல் ஆற்றோடு போனது. இரண்டு நாள் கழித்து மன்னர் பாராளுமன்றத்தைத் திருப்பிக் கூட்டினார். தெருவில் வெடி கொளுத்தினார்கள். நான் மீண்டும் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன்.

இவ்வளவையும் மொன்றியலில் இருந்து சொல்கிறேன். 2007 குளிருக்குள் வந்து சேர்ந்தேன். வில்லரேயில் ஒரு தெப்பனருக்கு, அதாவது மூலைக்கடைக்கு, மேலே அறை. ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் இடத்தில் வேலை. அம்மா முன்னமே வந்துவிட்டா. அக்கா ஸ்பொன்சர் செய்தவ. பியர்பொன்ட்ஸில் அக்கா வீட்டில் இருக்கிறா.

அம்மா நம்பவில்லை. கன காலம் நம்பவே இல்லை. மரணக் கடதாசியைக் காட்டினேன். அக்கா வாசித்துச் சொன்னா. அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கடதாசியில கிடக்கிறவன் சுரேஷ் குமார். என்ர பிள்ளை யூட். அவனை எங்க விட்டிட்டு வந்தனி?"

ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. யூட் எங்கோ பிடிபட்டு ஏதோ சிறையில் மறியலில் இருக்கிறான் என்பது அவவின் முடிவு. மலிவு விற்பனையில் அவனுடைய அளவுக்குக் குளிர்ச்சட்டை வாங்கி வைத்திருந்தா. பங்குச் சாமியார் ஒருநாள் இறந்தோர் பூசை வைப்போமா என்று மெல்லக் கேட்டார். உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்த பூசையோ என்று அம்மா கோயிலிலேயே சத்தம் போட்டா. அக்கா அழுதா. எனக்கு அழுகை வருவதில்லை. வந்தால் நல்லது என்று நினைப்பேன். வராது.

அம்மாவுக்கு நான் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கவில்லை. சனம் மிதித்துவிட்டது என்று சொன்னேன். அவன் என்மேல் கிடந்தான் என்று சொல்லவில்லை.

2008 ஜூன். வேலையிடத்தில் பிஷ்ணு இனிப்புப் பெட்டி கொண்டுவந்தான். நேபாளப் பெடியன். என்னோடு நின்று விரிப்பு மடிப்பவன். விரிப்பின் இரண்டு மூலையை அவன் பிடிப்பான், இரண்டு மூலையை நான். எங்கள் கதை பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. அவன் ஊரைப் பற்றி நான் கேட்டதில்லை. என் ஊரைப் பற்றி அவனும் கேட்டதில்லை. அன்று அவனுக்கு வாய் ஓயவில்லை. மன்னர் அரண்மனையை விட்டுப் போய்விட்டாராம். முடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். இனி அங்கே மன்னரே இல்லை.

ஒரு மன்னரை எப்படி விரட்டுவது என்று கேட்டேன். சும்மா கேட்டேன். அவன் மடித்துக்கொண்டே சொன்னான். முதலில் கட்சிகள் தங்களுக்குள் சேர்ந்தன. பிறகு மலையில் துவக்கோடு இருந்தவர்களோடு சேர்ந்தன. பிறகு வைத்தியர்கள், வாத்திமார், வங்கிக்காரர் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்க உத்தியோகத்தரே வேலையை விட்டுவிட்டு வந்தபோது மன்னரின் கதிரை ஆட்டம் கண்டது. பிறகு தேர்தல். புதிய சபை கூடிய முதல் நாளிலேயே மன்னராட்சி முடிந்தது என்று தீர்மானம். எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் ஊரில் இத்தனை வருஷம், இத்தனை சாவு. ஒரு கதிரைகூட அசையவில்லை. அவனுடைய இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே எரிச்சல்பட்டேன்.

பிறகு அவன் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுற்றுச்சாலையிலிருந்து நகரத்துக்குள் பாய்ந்தது, ஒடுங்கிய தெரு, புகைக் குண்டு, திரும்பி ஓடியது. மூலையில் கண்ணாடிக் கடை. பலகையில் பெரிய இரண்டு கண் வரைந்திருக்கும் என்றான்.

அந்தக் கண்களை நான் கீழே கிடந்து பார்த்தவன்.

விரிப்பை விட்டுவிட்டேன். தரையில் யாராவது கிடந்தார்களா என்று கேட்டேன். அவன் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் என்றான். ஒருவன்மேல் ஒருவன். மேலே கிடந்தவன் நீலச் சட்டை. அது என் தம்பி என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் விழுந்த விரிப்பைக் குனிந்து எடுத்தான். பிறகு கேட்டான். எல்லோரும் ஓடும்போது நீங்கள் ஏன் படுத்தீர்கள்?

எங்கள் பழக்கம் என்றேன்.

ஞாயிறு அவனைப் பியர்பொன்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். மெட்ரோ. பிறகு பஸ். நீண்ட பஸ். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மா எதிரே இருந்தா. அக்கா வாசலோடு நின்றா. பிஷ்ணு சோபாவின் நுனியில் இருந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். தெரு. கடை. புகை. இரண்டு பேர். அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. இதுவும் ஒரு சுரேஷ் குமார் கதை என்பது போலக் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா. அவனிடம் கேட்கச் சொன்னா, என்னிடம் இல்லை.

"செத்தவன் மேலயோ கிடந்தவன், கீழயோ?"

கேட்டேன். பிஷ்ணு தன் ஒரு கையை மற்றக் கையின்மேல் வைத்துக் காட்டினான். மேல் கையின் விரல்களை மடக்கிக் கீழே இருந்ததைப் பொத்திக் காட்டினான். தலையை இப்படிப் பிடித்திருந்தான் என்றான்.

மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அம்மா அந்தக் கைகளையே பார்த்தா. மன்னாரில் ஷெல் வரும்போது அவ எங்கள் மூன்று பேருக்கும்மேல் அப்படித்தான் கிடப்பா. யூட் கடைக்குட்டி. தலை பொத்துவது அவனுக்குத்தான்.

"அது யூட்தான். நான் பழக்கினது."

அதற்குப் பிறகு பிஷ்ணு இன்னொன்றும் சொன்னான். பின்னால் தள்ளினார்கள், தாண்டிப் பாய்ந்தேன், ஒரு கால் எதிலோ பட்டது, மெத்தென்று இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை என்றான். அவன் கால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் அன்று ஆயிரம் கால்கள். அவன் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா. அம்மா எழும்பினா. அடிப்பா என்று நினைத்தேன். அடித்தாலும் நான் பிடித்திருக்க மாட்டேன்.

"அவனும் ஓடத்தானே வேணும்" என்றா. "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு."

அவன் சாப்பிட்டான். சோற்றைப் பார்த்து அழுதுகொண்டு சாப்பிட்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த மாதம் பூசை ஒப்புக்கொடுத்தோம். யூட்டின் சொந்தப் பெயரைப் பீடத்தில் வாசித்தார்கள். குளிர்ச்சட்டையை அம்மா கோயிலுக்குக் கொடுத்துவிட்டா. வேலையிடத்தில் விரிப்பின் மற்ற இரண்டு மூலையை இப்போதும் பிஷ்ணுதான் பிடிக்கிறான்.

இழந்ததைச் சொல்ல வேண்டும். யூட். கல்லறை இல்லை. அவன் பெயரில் மரணக் கடதாசி எந்த நாட்டிலும் இல்லை. அந்த நாட்டில் மக்களுக்காகச் செத்தவர்களின் கணக்கில் அவன் இல்லை. எங்கள் நாட்டுக் கணக்கிலும் இல்லை. மன்னருக்கு முடி போனது. அவர் உயிரோடு இருக்கிறார், இருக்கட்டும்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்திருந்தா. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டா. இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு மூன்று என்று மட்டும் சொல்லிவந்தவ அம்மா. அன்று கோப்பையைக் கீழே வைத்தா.

"மூண்டு பெத்தனான்" என்றா. "ரெண்டு இருக்கு."