திரைக்குப் பின்னால் தூக்கிய இரும்பு

தலைமை ஏற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, இந்த உடற்பயிற்சிக் கூடத்தைக் கட்டிக் காத்துவரும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் கையில் தூக்கும் இரும்பின் பக்கம் நின்று இடியென முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் அவர்களே, வியர்வையின் விலை அறிந்த பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து, எடை தூக்குவது எப்படி என்று எங்களுக்கே பாடம் நடத்தும் தாய்மார்களே, தோள் திரண்ட தோழர்களே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

இந்த ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் எனக்குத் தந்த தலைப்பு, "தசை வளர்க்கத் தகுந்தது வீட்டு இயந்திரமே" என்பது. என்னை ஏன் அழைத்தார்கள்? பதினோரு ஆண்டுகளாக உடற்பயிற்சி இயந்திரம் விற்கும் கடையில், கண்ணாடிச் சன்னலோரம், கையில்லாத பனியன் போட்டு உட்கார்ந்து இழுத்துக் காட்டுகிறவன் நான். 'புஜக்காரர்' என்றால் ஊருக்கே தெரியும். ஆமாம் தம்பி, அந்தப் புஜக்காரர் நானேதான். கைதட்ட வேண்டாம். இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும், தட்டிய கையை நீங்களே மடக்கிக்கொள்வீர்கள்.

நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தேன். அதைப் படிக்க இப்போது நாக்கு எழவில்லை.

இயந்திரம் இகழத்தக்கதா? இல்லை. அதில் தசை வளராதா? வளரும். தனியாகப் பயிற்சி செய்கிறவர்மேல் இரும்பு விழாமல் காக்காதா? காக்கும். அத்தனையும் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லி விற்றவனா நான்?

கடையின் பின்புறம் ஒரு சாமான் அறை. அதற்கு ஒரு நீலத் திரை. திரைக்குப் பின்னால், கையில் பிடித்துத் தூக்கும் இரும்பு எடைகளான தம்பெல்ஸ் இரண்டு, ஒரு பழைய துண்டு. வாடிக்கையாளர் படியேறியதும் காசாளர் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். வந்தவரை அவர் பேச்சில் பிடித்துவைத்திருக்க, நான் உள்ளே போய்ப் பத்து நிமிடம் தம்பெல்ஸ் தூக்குவேன். நரம்பு புடைக்கும், புஜம் திரளும். வியர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்த முகமாய் வந்து இயந்திரத்தில் உட்காருவேன். "இதெல்லாம் இந்த மிஷின்ல வந்ததுதாங்க" என்பேன். வளர்த்தது இரும்பு, வாங்கவைத்தது வாய். சிரிக்கிறீர்கள். நானும் வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

ஒருநாள் ஒரு தையற்கார அம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவர் தம்பி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. கட்டில்லேருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்கி வைக்கணும். இதுல பழகினா அவரைத் தூக்கிடலாமா?" என்றார்.

"தாராளமா தூக்கலாம்மா. என் கையைப் பாருங்க" என்றேன்.

நம்பி இயந்திரத்தை வாங்கிப் போனவர், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். "கை நல்லா இறுகியிருக்கு தம்பி, நாற்பது கிலோ இழுக்கறேன். ஆனா அவரைத் தூக்கினா அவரும் சாயறார், நானும் சாயறேன். நான்தான் ஏதோ தப்பாப் பண்றேன் போல. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார்.

விடை எனக்குத் தெரியாதா? இயந்திரத்தின் எடை கம்பி வழியே நேராய் ஏறி நேராய் இறங்கும். மனிதன் கம்பி வழியாகவா வருவான்? சாய்வான், சரிவான், பயந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வான். சாயும் பாரத்தைத் தாங்கக் காலும் இடுப்பும் முதுகும் சேர்ந்து பழக வேண்டும். கையில் பிடித்துத் தூக்கும் எடைதான் அதைப் பழக்கும். என் உடம்பே அப்படிப் பழகிய உடம்பு. அத்தனையும் தெரிந்த நான் என்ன சொன்னேன்? "நீங்க மூச்சைச் சரியா விடலைம்மா. இன்னும் ரெண்டு எடைத்தட்டு கூட்டிப் போடுங்க" என்றேன். பழியைத் தூக்கி அவர் தலையிலேயே வைத்தேன்.

பதினாறாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். "தம்பி, நான் மூச்சைச் சரியா விடலை. அவரைக் கீழே போட்டுட்டேன். இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு" என்று அழுதார். அப்போதாவது சொன்னேனா? "கவலைப்படாதீங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வெட்கம் கெட்டவன் வேறு என்ன செய்வான்?

அது நடந்து ஒன்றரை வருடம். சற்றுமுன் இந்த மேடையிலிருந்து பார்த்தேன். இந்தக் கூடத்தில் ஒரு வருடமாய் மணல் மூட்டை தூக்கிப் பழகியதாய்ச் செயலாளர் சொன்ன அந்த அம்மா, சக்கர நாற்காலி நுழையாத மூன்றாம் வரிசையில், முழங்காலை மடக்கி, கணவரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி உட்காரவைத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கைகூப்பினார். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

பத்துப் பேரைத் தூக்கும் பலம் இருந்தென்ன, ஒரு தாயின் முகத்தைப் பார்க்கப் பலம் இல்லையே? புஜம் பெருத்தென்ன, புத்தி சிறுத்துப் போனதே? சாமான் அறையில் ஒளித்ததை இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அம்மா, உங்க மூச்சுல எந்தத் தப்பும் இல்லை. அன்னைக்கும் இல்லை. பொய் சொன்னது நான்.

என்னம்மா? ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள். வேண்டாமா? சரி, அப்படியே சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்.

அவையோரே, அம்மா கேட்கிறார்: "அன்னைக்கிலேருந்து ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் தூக்கறேன். அது நான் கேட்க வேண்டியதே இல்லையா?"

இல்லைம்மா. நான் கேட்க வேண்டியது.

தலைவர் அவர்களே, மணி அடிக்க நேரம் இருக்கிறது என்று சைகை காட்டுகிறீர்கள். மீதி நேரத்துக்கு மூன்றாம் வரிசைக்கு இறங்கிப் போக அனுமதி தாருங்கள். அந்த ஓட்டுநர் ஐயாவால் எழுந்து வர முடியாது, நான்தான் போக வேண்டும். இவ்வளவையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.