பிள்ளைகளுக்குக் காது கொடுத்த பத்மாசினி டீச்சர்

தலைமை ஏற்றிருக்கும் நம் பள்ளித் தாளாளர் அப்துல் அலீம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பத்மாசினி டீச்சரின் மகள் ஸ்ரீவர்ஷினி அவர்களே, என் சக ஆசிரியர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் தெற்குவாசல் பெற்றோர்களே, பழங்காநத்தத்திலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் பஸ் ஏறி வந்து இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் முத்துமீனா. பதினாறு ஆண்டுகளாக இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. அந்தப் பதவியால் இந்த இரங்கல் கூட்டத்தில் முதலில் பேச அழைத்திருக்கிறீர்கள். நியாயப்படி நான் கடைசியாகப் பேச வேண்டியவள். ஏனென்றால் பத்மாசினி டீச்சரின் முப்பத்தொரு வருடப் பணியில் அவருக்கு ஒரே ஒரு மெமோ கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தவள் நான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அவர் கடைசிவரை எல்.கே.ஜி. டீச்சர். மூன்று முறை பெரிய வகுப்புக்குப் போகச் சொன்னோம். மூன்று முறையும் மாட்டேன் என்றார். காலையில் ஒரு வயர் கூடையோடு வருவார். அதற்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் சல்லடை, ஒருநாள் பூட்டும் சாவியும், ஒருநாள் புனல். அதை நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைப்பார். சல்லடை என்ற பெயரைச் சொல்லிக்கொடுத்ததோடு அவர் நிறுத்தியதே இல்லை. சலி, கொட்டு, தட்டு, சிந்து, அள்ளு, கூட்டு. பிள்ளைகள் மாவைச் சலிப்பார்கள், சிந்துவார்கள், அள்ளுவார்கள். வகுப்பு முழுக்க வெள்ளையாக இருக்கும். ஆயாம்மா என்னிடம் வந்து புலம்புவார்.

"அணில் படத்தைக் காட்டினா பிள்ளை அணில்னு சொல்லிரும் மேடம். அதோட முடிஞ்சுபோச்சு. அணில் என்ன பண்ணுதுன்னு கேட்டாத்தான் வாயைத் திறந்து பேசும். பேசாத பிள்ளைக்கு எழுத்தைக் குடுத்து என்ன பண்ண?" என்பார் பத்மாசினி டீச்சர்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய வீட்டுமொழி சௌராஷ்டிரம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், தாகம் எடுத்து "பானி" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் தண்ணீருக்கு அதுதான் சொல். அந்த வகுப்பு டீச்சர், பிள்ளை பானை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர் பள்ளியில் வாயே திறக்கவில்லையாம். அப்போதும் சிலேட்டில் அ முதல் ஔ வரை அழகாக எழுதினாராம். "எழுத்தெல்லாம் தெரியும் மேடம். அதுல எனக்குன்னு ஒரு சொல்லு கிடையாது" என்று ஒருமுறை சொன்னார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம், அப்சானா என்ற நாலு வயதுப் பெண் எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். அவளுடைய அப்பா நஜீம், பக்கத்துத் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலேயே வீடு. வீட்டில் உருது பேசுவார்கள். அப்சானா வகுப்பில் அநேகமாகப் பேசவே இல்லை. சிரிப்பாள், பார்ப்பாள், மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுவாள். அவ்வளவுதான்.

பத்மாசினி டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். பிள்ளை தானாகச் சொல்லும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் தேதி போட்டு அதில் எழுதுவார். சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னது கணக்கில் வராது. தானாக வர வேண்டும். ஆகஸ்ட் மாதம் மற்ற பிள்ளைகளின் நோட்டில் இருநூறு, முந்நூறு சொற்கள் இருந்தன. அப்சானாவின் நோட்டில் பதினான்கு.

எல்லோரும் சொன்னோம், வீட்டில் உருது, அதனால்தான் என்று. பத்மாசினி டீச்சரும் அப்படித்தான் நம்பினார். அந்தப் பிள்ளையும் தண்ணீரைப் "பானி" என்றுதானே கேட்டது? தன்னைப் போல இன்னொரு பிள்ளை வந்திருக்கிறது என்று அவருக்கு அவள்மேல் தனிப் பிரியம். கொஞ்சம் உருதுச் சொற்களைக்கூடக் கற்றுக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனார். அப்சானாவின் அம்மா சாதிகாவிடம், "வீட்டுல உருதுல எம்புட்டு பேசுவா?" என்று கேட்டார்.

"இங்கயும் கம்மிதான் டீச்சர். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவா. அமைதியான பிள்ளைன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

வேறு யாராவது இருந்தால் டீ குடித்துவிட்டு வந்திருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் திறந்தார். பதினான்கு சொற்களையும் திரும்பத் திரும்பப் படித்தார். பானி, அம்மி, மாமு, பாப்பா, பூ, வா, மாவு, பம்பரம். சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்துக்கொண்டே போனார். பதினான்கில் பன்னிரண்டு, உதட்டை மூடியோ குவித்தோ சொல்கிற சொற்கள். வாயைப் பார்த்தாலே பிடித்துக்கொள்ளக்கூடிய சொற்கள்.

அப்படியானால் இந்தப் பிள்ளை சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டதா, பார்த்துக் கற்றுக்கொண்டதா?

பெரியோர்களே, நான் எம்.எட். படித்தவள். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் காதுக்குள் எட்டிப் பார்த்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை அவளுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் "அப்சானா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. முன்னால் வந்து நின்று அதே குரலில் கூப்பிட்டார். சிரித்தாள். டம்ளர் கீழே விழுந்தால் திடுக்கிடுவாள், பட்டாசு வெடித்தால் அழுவாள். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அன்று மாலையே சாதிகாவிடம் சொன்னார். மறுநாள் காலை நஜீம் என் அறைக்கு வந்தார். கத்தவில்லை. தணிந்த குரலில்தான் பேசினார்.

"மேடம், பொம்பளப் பிள்ள. செவிடுன்னு ஒரு வார்த்த தெருவுல விழுந்தா நாளைக்கு அவ வாழ்க்க என்னாகும்? படிச்சவங்க நீங்க யோசிக்க வேணாமா?"

அதே வாரம் எல்.கே.ஜி. பெற்றோர் இருபத்து மூன்று பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்து முழுவதும் எழுதிவிட்டார்கள், இங்கே இன்னும் பென்சிலே தொடவில்லை, மாவு சலித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. அடுத்த வருடம் சேர்க்கை குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். உட்கார்ந்து மெமோ எழுதினேன். இரண்டே வரி. ஒன்று, திங்கள் முதல் எழுத்துப் பயிற்சி தொடங்க வேண்டும். இரண்டு, பிள்ளைகளின் உடல்நிலை பற்றிப் பெற்றோரிடம் கருத்துச் சொல்லக் கூடாது.

அவர் வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து சொல்லிக்குடுக்கிறேன் மேடம். ரெண்டாவதுக்கு என்னால முடியாது."

"தாளாளர்ட்ட கொண்டு போவேன் பத்மாசினி. வேலைக்கே பிரச்சினையாயிரும்."

"கொண்டு போங்க மேடம். அதுக்குள்ள அந்தப் பிள்ளைய யாராச்சும் ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருங்க."

கணவர் இல்லாதவர். இதோ அமர்ந்திருக்கிற ஸ்ரீவர்ஷினி அப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. அந்த வேலை போனால் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தக் கோட்டைப் போட்டார்.

நான் தாளாளரிடம் போகவில்லை. போவதற்கு முன், வியாழக்கிழமை, நஜீம் மறுபடியும் வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவே இல்லை.

"நானே முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டேன் மேடம். நாலு தடவ. பதினஞ்சு வருசமா மோட்டார் சத்தத்த வச்சே என்ன கோளாறுன்னு சொல்ற ஆளு நான். எம் பிள்ளைக்குக் கேக்கலங்கிறது எனக்குத் தெரியல."

பத்மாசினி டீச்சர் லீவு போட்டுவிட்டு அவர்களோடு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் சோதித்துப் பார்த்தார். சளி பிடிக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும், பெரும்பாலும் தானே வடிந்துவிடும், இவளுக்கு இரண்டு காதிலும் பசைபோல இறுகி வெகுநாளாக நின்றிருக்கிறது என்றார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்பதுபோலத்தான் இவள் இத்தனை நாளும் உலகத்தைக் கேட்டிருக்கிறாள். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிறிய அறுவை சிகிச்சை.

இரண்டு வாரம் கழித்து அப்சானா வகுப்புக்கு வந்த காலையில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தவள் சட்டென்று மேலே பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அது வருடக்கணக்காகக் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது சுற்றும் என்று தெரியும். அது சத்தம் போடும் என்று தெரியாது. பத்மாசினி டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், ஃபேன் பேசுது."

அவள் அந்த வகுப்பில் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய நோட்டை எடுத்துத் தேதி போட்டார்.

அதன்பிறகு மூன்று வாரம் அந்த வகுப்பில் வேறு பாடமே இல்லை. சத்தங்களுக்கு என்னென்ன சொல் இருக்கிறதோ எல்லாவற்றையும் முப்பது பிள்ளைகளும் சேர்ந்து தேடினார்கள். கொலுசு கலகல, மழை சடசட, கதவு கிரீச், கொத்துப் பரோட்டா டணடண. தமிழில் சத்தத்துக்கு இத்தனை சொற்கள் இருக்கின்றன என்று நாற்பத்தைந்து வயதில்தான் நான் தெரிந்துகொண்டேன். எழுத்தும் உடன் வந்தது. தனக்குப் பிடித்த சத்தத்தை எழுத எந்தப் பிள்ளைதான் பென்சில் பிடிக்காது? அப்சானா தானாக எழுதிய முதல் சொல் "சொய்ங்". அம்மா தோசை ஊற்றும் சத்தம். அப்படி ஒரு சொல் புத்தகத்தில் இல்லையே என்றேன். "அவ காதால கேட்ட சொல்லு மேடம்" என்றார் டீச்சர்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்மாசினி டீச்சர் அவளோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இன்று அவள் எட்டாம் வகுப்பு. அதோ, மூன்றாம் வரிசையில் தன் அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நானும்தான் மேடம் தப்புப் பண்ணேன். ரெண்டு மாசம் வீட்டு பாஷைதான் காரணம்னு நெனச்சு ஏமாந்தேன். என் கதைய அவ மேல ஏத்திட்டேன்."

இவர் எப்பேர்ப்பட்ட மனுஷி! ஊரே தன்னைப் பாராட்டும்போது, தன் தவற்றை எடுத்து முன்னால் வைத்தார். தன் வாழ்க்கையிலிருந்து தான் கற்ற பாடத்தையே, ஒரு பிள்ளைக்காகச் சந்தேகித்துப் பார்த்தார். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்?

மன்னிப்புக்குப் பதிலாக ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு ஜூன் மாதமும் எல்லா எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கும் காது சோதனை. தாளாளர் அன்றே ஒப்புக்கொண்டார். இதுவரை பதினோரு பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறோம். அந்தப் பதினோரு பேரையும் சோம்பேறி, மந்தம், பிடிவாதம் என்றுதானே நாம் சொல்லியிருப்போம்?

சென்ற புதன்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டோம். நேற்று எல்.கே.ஜி. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? மிஸ் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்றார்கள் சில ஆசிரியைகள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வகுப்பில் ஒரு பொய்யான சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

சபிஹா என்ற பிள்ளைதான் கேட்டாள். "மிஸ் எங்க?"

"மிஸ் இறந்துட்டாங்கம்மா."

"இறந்துட்டாங்கன்னா?"

"அவங்க உடம்பு வேலை செய்றத நிறுத்திருச்சு. இனிமே வர மாட்டாங்க."

"நாளைக்கும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

தன் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எனக்கு நெஞ்சு கனமா இருக்கு" என்றாள்.

நாலு வயதுப் பிள்ளை. தன் துக்கத்தை எடுத்து என் கையில் வைத்தது. நான் மூன்று நாளாகச் சொல்லத் தெரியாமல் அடைத்துக்கொண்டிருந்ததை அவள் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தவர் யார்? மாலையும் மலர்வளையமும் நாம் வைத்தோம். பத்மாசினி டீச்சருக்கு உண்மையான அஞ்சலி அந்த வகுப்பறையில் முடிந்துவிட்டது.

இந்தச் சபையின் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஜூன் மாதக் காது சோதனை ஒரு வருடம்கூட நிற்காது. இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் கையிலும் அதற்குச் சொற்கள் வாய்க்கும் முன் பென்சில் திணிக்கப்படாது. மனு வந்தால் வரட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவரைப் போல என்னால் முடியாது. அவரளவுக்குப் பொறுமையும் இல்லை, செவியும் இல்லை. ஆனாலும் நேற்று நான் எழுந்து புறப்படும்போது சபிஹா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எங்களுக்கு இனிமே யாரு வருவா?" என்று கேட்டாள்.

"நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.