ஞாயிற்றுக்கிழமை சூப்

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, இப்பதான் துடைச்சேன், ஈரமா இருக்கும். இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்க. டீ போட்டுட்டேன். உங்களுக்கு அரை ஸ்பூன் சர்க்கரைதானே? எனக்கு இதெல்லாம் மறக்காது. இந்த வீட்டுல யாருக்கு எந்தத் தலையணை, எந்த அலமாரிக் கதவு மழைக்காலத்துல இறுகிப் போகும், எந்த டப்பா மூடி எந்த டப்பாவுக்குச் சேரும், எல்லாம் எனக்கு விரல் நுனியில.

உங்க தங்கச்சி ஒரு தாள் குடுத்து விட்டான்னு சொன்னீங்களே, குடுங்க பார்ப்போம். அடடே, எவ்வளவு நேரா கோடு போட்டிருக்கா. பாட்டில் தொழிற்சாலையில தரம் பார்க்கிறவன்னா சும்மாவா. தேதி ஒரு கட்டம், நடந்த தப்பு ஒரு கட்டம், பண்ணினது யாருன்னு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்கா. ரெண்டு வருஷத்துல இந்த வீட்டுல அவ கை பட்டுக் கெட்டுப் போன இருபத்திமூணு விஷயம். இதுல நிஜமாவே அவ பண்ணினது எது, நான் பண்ணினது எதுன்னு எழுதணும், அவ்வளவுதானே? அது தெரிஞ்சாதான் தன் புத்தி மேல தனக்கு நம்பிக்கை வரும்னு சொன்னாளா. பாவம். தாராளமா எழுதித் தர்றேன். பேனா ஃப்ரிட்ஜ்லயே நூல் கட்டித் தொங்குது. கட்டலைன்னா எங்க வாலு தூக்கிட்டுப் போயிடுவா. ஆறு வயசுப் பொண்ணு பண்ற அட்டகாசத்துக்கு வாலுங்கற பேரைத் தவிர வேற எது பொருந்தும், சொல்லுங்க.

சூப்புக்குக் கேரட்டும் வெங்காயமும் நறுக்கிக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது.

வாலு பொறந்தப்ப, வீட்டுல யாரு இருக்கிறதுன்னு பேச்சு வந்தது. அச்சகத்துல எனக்கு வந்தது அவ சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. அங்க என் பட்டப்பேரு "அவசரம்". எதை அவசரம்னு குடுத்தாலும் மூணு நாள் ஆக்குவேன், அதனால. வேலையை விட்டுட்டேன். அந்த மாசச் சம்பளம் வந்த அன்னிக்கு உங்க தங்கச்சி சரிபாதியை என் கணக்குல போட்டா. "இது நான் உங்களுக்குக் குடுக்கிறது இல்லைங்க. நம்ம வீடு சம்பாதிச்சது, ஆளுக்குப் பாதி"ன்னா. அன்னிலேருந்து ஒரு மாசம் தவறினது இல்ல. நான் குளியலறைக்குள்ள போய் அழுதேன், சந்தோஷத்துல. அவளைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷத்துல வீட்டு வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. போர்வையை மடிச்சா மூலை நாலும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும். சட்டைக் காலர் கறை போக என்ன பண்றதுன்னு பக்கத்து வீட்டு டீச்சரே என்கிட்ட வந்து கேட்டாங்க. அச்சகத்துல யாராவது என்கிட்ட எதையாவது கேட்டிருக்காங்களா? இந்தச் சமையலறையில நான்தான் எல்லாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க தங்கச்சி வந்து நின்னா. "ஏழு நாளும் நீங்களே பண்றீங்க. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு, நான் பார்த்துக்கிறேன்"னா. நல்ல மனசு. நான் பேப்பரை விரிச்சுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்தேன். கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. அவ காய்கறி சூப் வெச்சா. வாலு மூணு கிண்ணம் குடிச்சா, கிண்ணத்தை நக்கினா. நக்கிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, இனிமே நீயும் அம்மா மாதிரியே பண்ணு"ன்னா. குழந்தை பேச்சுதான், எல்லாரும் சிரிச்சோம், நானும்தான் சிரிச்சேன். காது ரெண்டும் கொதிச்சது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன் வந்தது, பால்கனிக்குப் போனா. நான் எழுந்து போய் ஒரு ஸ்பூன் உப்பு போட்டேன். ஒரே ஒரு ஸ்பூன். வாலு வாயில வெச்சதைத் துப்பிட்டா. உங்க தங்கச்சி தலையில அடிச்சுக்கிட்டு, "ரெண்டு தடவை போட்டுட்டேன் போல"ன்னா. நான் பத்தே நிமிஷத்துல முட்டை பொரிச்சு, ரொட்டி வாட்டி எடுத்து வெச்சேன். அன்னிக்கு நாங்க மூணு பேரும் எவ்வளவு சந்தோஷமா சாப்பிட்டோம் தெரியுமா. இதோ, முதல் வரிசையில எழுதிட்டேன், "நான்"னு.

அப்புறம் இந்த வெள்ளைத் துணி. அவ மெஷின்ல துணியைப் போட்டுட்டு சோப்புத் தூள் எடுக்கப் போனா. அந்த நேரத்துல ஒரு சிவப்பு சாக்ஸ் உள்ள போச்சு. சாக்ஸ் தானா நடந்து போகாதே. வாலுவோட பள்ளிக்கூடச் சட்டை அஞ்சும் ரோஸ் கலர் ஆயிடுச்சு. சிரிக்கலாம் அக்கா, பார்க்க வேடிக்கையாத்தான் இருந்தது. வீட்டுப்பாட நோட்டை அவ பையில வெச்சது நிஜம். எடுத்து சோபா மெத்தைக்கு அடியில வெச்சது நான். சாவி, நான். கரண்ட் பில், நான். நீங்க என்னை ஏதோ கெட்டவன் மாதிரி பார்க்கறீங்க. வாரம் பூரா உழைக்கிறவ, ஒரு நாள் காலை நீட்டி உட்காரட்டுமேன்னுதானே பண்ணினேன். வாயால சொன்னா கேட்கிற ஆளா அவ?

பதினொண்ணாவது வரிசைக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கா. பள்ளிக்கூட வாசல் விஷயம். எப்பவும் நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். அன்னிக்கு அவ லீவு போட்டுட்டு, "இன்னிக்கு நான் போறேன், எத்தனை மணிக்கு விடுவாங்க?"ன்னு கேட்டா. மூணு மணிக்கு விடுவாங்க. நான் நாலுன்னேன்.

குழந்தையைத் தனியா விட்டுட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க. நான் எதிர்ல இருந்த நோட்டுப் புத்தகக் கடையில நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். முதல்ல ஒத்தைக் கால்ல குதிச்சு விளையாடினா. மத்த குழந்தைங்க எல்லாம் போனதும் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு படியில உட்கார்ந்தா. வாட்ச்மேன் தண்ணி குடுத்தார், நல்ல மனுஷன். மூணரைக்கு அழ ஆரம்பிச்சா. நான் ஒரு அழி ரப்பரும் ரெண்டு பென்சிலும் வாங்கினேன். கடையில சும்மா நிக்கக் கூடாதில்ல. நாலு ஆக அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ரோட்டைத் தாண்டிப் போனேன். என் கழுத்தை எப்படிக் கட்டிக்கிட்டா தெரியுமா அக்கா. அந்தப் பிடி இன்னும் இங்கயே இருக்கு. தெருமுனையில அம்மா ஓடி வர்றதைப் பார்த்ததும் என் தோள்ல முகத்தை மறைச்சுக்கிட்டா.

"நாலுன்னுதானே சொன்னீங்க"ன்னு உங்க தங்கச்சி கேட்டா. "மூணுன்னு சொன்னேனேம்மா"ன்னு நான் மெதுவாத்தான் சொன்னேன். அவளை நான் குரல் உயர்த்திப் பேசினதே இல்ல. மறுநாள் என் பாதிப் பணத்துலேருந்து அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுத்தேன். தோல் பட்டை வெச்சது. நீங்க பார்த்திருப்பீங்க.

அதுக்கப்புறம்தான், "எனக்கு ஏதோ ஆயிடுச்சுங்க"ன்னு பயப்பட ஆரம்பிச்சா. நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவளுக்குத் தேதியெல்லாம் சரியா நினைவில்ல, அதனால ஒவ்வொண்ணா நான்தான் டாக்டருக்கு எடுத்துச் சொன்னேன். "உங்களை மாதிரி வீட்டுக்காரர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்"னு அவர் அவகிட்ட சொன்னார். மாத்திரை எழுதிக் குடுத்தார். அதைப் போட்டா காலையில ஒரே தூக்கம். தொழிற்சாலையில கீறல் விட்ட பாட்டில் ஒண்ணு ரெண்டு அவ கண்ணைத் தாண்டிப் போயிடுச்சாம், பரிசோதனையிலேருந்து எடுத்து ஃபைல் அடுக்கிற வேலையில போட்டுட்டாங்க. அது இந்தத் தாள்ல இல்ல. சேர்த்து எழுதட்டுமா? வேண்டாம், அது அவ அலுவலக விஷயம். அதுல நான் மூக்கை நுழைக்கக் கூடாது.

நடுவுல ஒரு திட்டம் வெச்சிருந்தா. அவ அரை நாள் வேலை, நான் அரை நாள் வேலை, வீடு ரெண்டு பேருக்கும் பொது, பணம் எப்பவும் போல ஆளுக்குப் பாதி. அலுவலகத்துல விண்ணப்பமே வாங்கிட்டு வந்துட்டா. "உங்களுக்கும் வெளியில நாலு மனுஷங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்"னா. என் பாதியை முழுசா எடுத்துக்கோ, இந்த அடுப்பை மட்டும் விட்டுடுன்னு சொல்லலாமான்னு பார்த்தேன். சொல்ல வேண்டிய அவசியமே வரல. மாத்திரை ஆரம்பிச்ச மாசம் அவளே அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டுட்டா. "வீடு உங்க கையிலயே இருக்கட்டும். வாலு என்கிட்ட வரவே பயப்படறா. என்னால ஆகாது"ன்னா. அன்னிக்கு சாயங்காலம் நான் ஒரு கேக் பண்ணினேன். அவ்வளவு மெத்துன்னு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசியா ஒரே ஒரு தடவை சூப் வைக்கிறேன்னா. சரின்னேன். அவங்க தொழிற்சாலையில ஒரு பழக்கம் இருக்கு, எனக்கு அது ஞாபகமே வரல. ஒவ்வொரு தொகுதியிலயும் ஒரு பாட்டிலைத் தனியா எடுத்து, தேதி ஒட்டி, பூட்டி வைப்பாங்க. பின்னாடி புகார் வந்தா அதை எடுத்துப் பார்ப்பாங்க. அவ அடுப்பை அணைச்சதும் ஒரு சின்ன பாட்டில்ல சூப்பை ஊத்தி, நேரம் எழுதி ஒட்டி, தன் கைப்பையில வெச்சுட்டு, அப்புறம்தான் குளிக்கப் போயிருக்கா.

சாப்பாட்டு மேஜையில வாலு துப்பினா. உங்க தங்கச்சி பையிலேருந்து பாட்டிலை எடுத்தா, ஒரு வாய் குடிச்சுப் பார்த்தா, மிச்சத்தைக் கிண்ணத்துல ஊத்தி என் முன்னாடி தள்ளினா. "ருசி பாருங்க"ன்னா. பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வெச்ச அதே சூப். அவ கத்தல, அழல. வாலுவோட துணியைப் பத்து நிமிஷத்துல எடுத்து அடுக்கினா, கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா. அவங்க போனப்புறம் பார்த்தேன், பல் தேய்க்கிற பிரஷ் முதல் தலைக்குக் கட்டற ரிப்பன் வரைக்கும் ஒண்ணைக்கூட மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கா.

இந்தாங்க, முடிச்சாச்சு. இருபத்திமூணுலயும் "நான்", "நான்", "நான்". பால் கருகின வரிசையில மட்டும் கொஞ்சம் யோசிச்சேன். அதுவும் நான்தான், அவ அந்தப் பக்கம் திரும்பினப்ப தீயைக் கூட்டி வெச்சேன். அவ பண்ணினதுன்னு இதுல ஒண்ணுகூட இல்ல அக்கா. கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரையை நிறுத்திடுவார். உங்களுக்கு என்ன கண்ணெல்லாம் கலங்குது? வெங்காயமா? இருங்க, ஜன்னலைத் திறக்கிறேன்.

வாலு சாப்பிடறாளா?

மூணு நாளா அம்மா வைக்கிற சூப்பைத்தான் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாளா. மூணு கிண்ணமா.

சரி. சரி, நல்லதுதான். இருந்தாலும் நீங்க கொஞ்சம் இருங்க, அடுப்புல இந்த சூப் இன்னும் அஞ்சு நிமிஷத்துல வெந்துடும், டப்பாவுல ஊத்தித் தர்றேன், குழந்தைக்குக் கொண்டு போங்க. உங்க தங்கச்சி நல்லாத்தான் சமைப்பா, நான் இல்லைன்னு சொல்லல. இந்த உப்பு விஷயத்துல மட்டும்தான் அக்கா, பாவம், அவளுக்கு எப்பவும் கை தவறிடும்.