ரிஸ்பெக்கின் நானூறு தப்படி

...காலா தாயி அது? ஒட்டகத்துக்குன்னு செஞ்சு வச்சிருந்தத எடுத்து எங்க ஊரு ரிஸ்பெக்குக்கு மாட்டி அனுப்பிட்டான் ஆண்டவன். அவன் ஒரு தப்படி வச்சா நான் ரெண்டு வைக்கணும். அந்தக் கால வச்சுக்கிட்டு நானூறு தப்படி அளந்தா வெளங்குமா? அளந்தான்ல! அளந்து, வெள்ளக் கல்லக் கொண்டாந்து என் புல்லுக்காட்டுக்குள்ள வச்சான்ல! ஊரே நின்னு பாத்துச்சு.

குதிரைய இங்கனயே கட்டு. ஏய், ஏய்... கல்லுக்கு அந்தப் பக்கம் விட்றாத! அது அங்க வாய வச்சுச்சுன்னா என்னயத்தான் புடிப்பாங்க. ம், இப்பிடிக் கட்டு. மொதல்ல ஒரு கிண்ணம் குமிஸ் குடி. நரின் டவுன்ல இருந்து மூணு மணி நேரம் வண்டி, அப்பறம் குதிரை. புளிச்ச குதிரைப்பாலு உள்ள போனாத்தான் இடுப்பு நிமிரும். நீ சர்வே ஆபீசரு, நான் நீன்னு பேசுறேன், தப்பா எடுத்துக்காத. என் மூத்த மக வயசு உனக்கு. நீங்கன்னு கூப்புட்டா எனக்கே சிரிப்பு வந்துரும்.

இந்தா பாரு. நாம நிக்கிறமே, இந்த வெள்ளக் கல்லு வரிசை, இதான் கீழ் வரிசை. மேல, அந்தா அந்த மேட்டுக்கிட்ட புள்ளி புள்ளியாத் தெரியுதுல்ல, அது மேல் வரிசை. ரெண்டுக்கும் நடுவுல கெடக்கிறதுதான் இந்த வருசம் ஓய்வுல இருக்கிற நெலம். ஓய்வாம் ஓய்வு! அம்பத்தாறு வயசுல எனக்குக் கெடைக்காத ஓய்வு அந்த மண்ணுக்குக் கெடைக்குது. மேய்ச்சல் கமிட்டி போட்ட சட்டம் தாயி. சரிவ நாலாப் பிரிச்சு வருசத்துக்கு ஒரு துண்டு சும்மா கெடக்கணும். ஆடு வாய வைக்கக் கூடாது, மாடு மிதிக்கக் கூடாது, அரிவா படக் கூடாது. மேல இருந்து கீழ நானூறு தப்படி. அம்புட்டுத்தான் சட்டம்.

சட்டத்த நான் குத்தஞ் சொல்லல. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நீ வந்திருக்கணும். எல்லாப் பயலும் ஊருக்குப் பக்கத்துலயே ஆட்ட விட்டு விட்டு, மலை மொட்டைத் தலையா நின்னுச்சு. மழை பேஞ்சா சேறு எறங்கி நேரா பள்ளிக்கூடத்துக்குள்ள போகும். வாத்தியாரு பெஞ்சு மேல ஏறி நின்னு பாடம் நடத்துனாரு. இப்ப பாரு, முழங்கால் ஒசரம் புல்லு. மஞ்சப் பூவு வேற. பாத்தா நமக்கே மேயணும் போல இருக்கும். அதான்... சரி, அத விடு.

என் கதைக்கு வா. ஓடைக்கரையில என் புல்லுக்காடு நாப்பது தப்படி அகலம். அதுல முப்பது தப்படிய இந்தக் கல்லு முழுங்கிருச்சு. மிச்சம் பத்து தப்படிய அறுத்தா ஆட்டுக் கெடாவோட தாடி அளவுக்குத்தான் தேறும். குளிருக்கு அதுவா காணும்? ஆறு மாசம் பனி தாயி! புல்ல இந்த வாரமே அறுத்துக் காயப் போடணும். இப்பவே பூ விட்டுருச்சு, இன்னும் பத்து நாள் போச்சுன்னா குச்சி. குச்சியத் தின்னுட்டு எந்த ஆடு குளிரத் தாங்கும்? எங்கிட்ட பதினொரு பெண்ணாடு. புல்லு இல்லன்னா பனி விழறதுக்கு முன்னாடி பதினொண்ணையும் சந்தைக்கு ஓட்டணும். ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து, வெறும் பட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். ராத்திரி படுத்தா அதுதான் கண்ணுக்கு முன்னாடி வருது.

கமிட்டித் தலைவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானங்கிற மாதிரி பாக்குற. தலைவரு இல்ல, தலைவி. அத ஏன் கேக்குற... என் பொண்டாட்டி. அனார்கான். வீட்டுல தலைவியா இருந்தது பத்தாதுன்னு ஊரு பூராவும் கையத் தூக்கிருச்சு. நானுந்தேன் தூக்குனேன். தூக்காம வீட்டுக்குப் போக முடியுமா? "அடியே, கட்டுன புருசன் காடுடி"ன்னேன். டீய ஊத்திக்கிட்டே சொல்றா, "கல்லு எங்க இருக்கோ அதான் எல்லை. வேணும்னா ஜில்லாவுக்கு மனுப் போடு." போட்டேன்ல! ரிஸ்பெக்கு காலப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனேன். கமிட்டி முத்திரை இல்லாம மனு போகாதுன்னாங்க. அவகிட்டயே நீட்டுனேன். மறுபேச்சு இல்லாம முத்திரையக் குத்திக் குடுத்தா. என்னதான் இருந்தாலும் பொண்டாட்டில்ல... ம்.

நடப்போம், நடப்போம். நீ பாட்டுக்கு அந்த மஞ்சக் கருவிய ஊனி ஊனி வா. அது வானத்துல எதையோ கேட்டு எடஞ் சொல்லுமாமே? நல்லது. இது ரிஸ்பெக்கு மாதிரி வேலிக்கு வேலி தாவாது. போன வருசமே இந்த மாதிரி ஒரு கருவியோட வந்து அளந்து தாரோம்னாங்க. கமிட்டியில எவனோ ஒருத்தன் எந்திரிச்சு, "மிஷினு எதுக்கு, நம்ம ஊர அளக்க நம்ம காலு பத்தாதா? மேல் வரிசையில இருந்து நானூறு தப்படி, முடிஞ்சுச்சு சோலி"ன்னான். கை தட்டுனாங்க. யாரா? இருந்தான் ஒரு ஆளு. நல்ல ஆளுதான்... பேச்சு சுவாரஸ்யத்துல சொல்லிட்டான்... சரி, நாந்தேன். சிரிக்காத. அப்ப அளக்குறது ரிஸ்பெக்குன்னு எனக்கு என்ன தெரியும்?

மூச்சு வாங்குதா? எனக்கு வாங்குது. நில்லு. கீழ் வரிசைக் கல்லு மொதல்ல என் காட்டுக்கு மேலதான் இருந்துச்சு, கேட்டுக்க. போன இலையுதிர் காலத்துல ஊரே சேந்து வச்சது. ஜூன் மாசம் மாடுகள மேல் மலைக்கு ஓட்டிட்டுப் போறப்ப, அதுக முட்டி மோதி ஒரு கல்லு விடாம உருட்டிப் பாதிய ஓடையில தள்ளிருச்சு. திரும்ப வைக்கணும்ல? அதுக்குத்தான் ரிஸ்பெக்கு மேல் வரிசையில இருந்து எண்ணிக்கிட்டு எறங்குனான். "முந்நூத்தித் தொண்ணூத்தி எட்டு... முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்போது..." நானூறுன்னு சொல்லி, என் காட்டுக்கு நடுவுல நின்னு, பல்லக் காட்டுறான் தாயி!

வந்துட்டோம். இதான் மேல் வரிசை. நாப்பத்திரண்டு கல்லு. உன் கருவி என்ன சொல்லுது? எவ்வளவு கூட? நூறு? அம்பது?

...சரியா இருக்கா? என்னத்தச் சரியா இருக்கு! நல்லாப் பாரு, வெயில்ல கண்ணு கூசும். கமிட்டிப் பேப்பர்ல எம்புட்டோ அம்புட்டேதானா? அப்ப ரிஸ்பெக்கு காலு... அளவான காலா? அட அல்லா. ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கேனே. அவன் பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லிட்டேனே.

சரி. அளந்தாச்சு. எறங்குவோம். அனார்கான் ஆட்டுக்கறி வேக வச்சிருப்பா... ஏன் தாயி மேல போற? வரிசை இதோட முடிஞ்சுச்சு. அங்க ஒண்ணுமில்ல. என் பட்டிதான் இருக்கு, குளிருக்கு ஆடு அடைக்கிற பட்டி. நாயி இருக்கு. கடிக்கும். ஆங்... கட்டித்தான் போட்ருக்கு, இருந்தாலும் பாக்கவே பயமா இருக்கும். பொந்து வேற. பெருச்சாளி மாதிரி ஒண்ணு மலை பூராவும் பொந்து தோண்டி வச்சிருக்கு, கால் மாட்டுச்சுன்னா படக்குனு முறிஞ்சிரும். தாயி! சொன்னாக் கேளு! மழை வேற வருது பாரு... எங்கயா? வரும். பொறவு வரும்.

குனிஞ்சு என்னத்தப் பாக்குற?

சுண்ணாம்பா. ஆமா, சுண்ணாம்புதான். கூழாங்கல்லுல தெறிச்சிருக்கு. பறவை ஏதாவது... இல்ல, பறவை இவ்வளவு வட்டமாவா போகும். இந்தா அங்க ஒரு வட்டம். அந்தா ஒண்ணு. வரிசையாத்தான் இருக்கு, ம். கல்ல வச்ச எடத்துலயே வச்சுத்தான் சுண்ணாம்பு அடிச்சோம், அப்பத் தெறிச்சிருக்கும். அப்ப கல்லு இங்க இருந்துச்சாங்கிற. இருந்திருக்கலாம். பனி உருகுறப்ப கல்லு வழுக்கிக்கிட்டு எறங்கும் தாயி, மலையில இதெல்லாம் சகஜம். நாப்பத்திரண்டும் ஒண்ணு போல முப்பது தப்படி வழுக்குமான்னா... அதுவும் அணிவகுப்பு மாதிரி...

இந்தப் பாறை மேல உக்காரு. நான் உக்காந்துட்டேன்.

ஏப்ரல்ல தாயி. அடுக்குன புல்லு மார்ச்லயே தீந்துருச்சு. குட்டி போடுற நேரம். பதினொண்ணும் எலும்புந்தோலுமா நிக்குது. ஒருத்தி ரெட்டைக் குட்டி போட்டுட்டு எந்திரிக்கவே இல்ல. குட்டி ரெண்டும் மடியத் தேடுது, மடியில ஒண்ணுமில்ல. பட்டியில இருந்து எட்டிப் பாத்தா, கல்லுக்கு அந்தப் பக்கம் புல்லு பச்சப் பசேல்னு மொளைச்சு நிக்குது. மலையிலேயே மொத மொளைப்பு, இளசு. நீயா இருந்தா என்ன பண்ணுவ? கல்லுக்கு உள்ள ஆட்ட விட்டா அது தப்பு. சட்டத்த நான் மதிக்கிறவன். உள்ள விடவே இல்ல. கல்லத்தான் கீழ எடுத்து வச்சேன். அப்ப அது வெளிய ஆயிருச்சுல்ல? ஒரு நாள் மூடுபனி, பத்தடியில ஆளு தெரியாது, நாப்பத்திரண்டையும் எறக்கிட்டேன். எறக்கம்ல, சுளுவா இருந்துச்சு. அந்த ரெட்டைக்காரி பொழைச்சுக்கிட்டா. குட்டிக ரெண்டும் இப்ப என்னய முட்டுதுக.

அந்த முப்பது தப்படிதான். நான் மேல முப்பது எறக்குனேன், ரிஸ்பெக்கு கீழ முப்பது எறக்குனான். அவன் ஒழுங்காத்தான் எண்ணியிருக்கான். என் காட்ட நானே முழுங்கியிருக்கேன். ஜூன் மாசம் அவன் என் காட்டுல வந்து நின்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு தாயி. வாயத் தொறக்க முடியுமா? பொண்டாட்டி கமிட்டித் தலைவி. ஊரே வச்ச கல்ல அவ புருசனே நகத்துனான்னா, நாளைக்கு அவ பேச்ச எவன் கேப்பான்? ஆளுக்கு ஆளு கல்லத் தூக்கிக்கிட்டு அலைவான். சேறு திரும்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள போகும். அதான் பழிய அவன் காலு மேல போட்டேன். காலு மறுத்துப் பேசாதுல்ல.

நீ மட்டும் எப்பிடி நேரா இங்க வந்த? நானும் வழி பூராவும் பேச்சுக் குடுத்துக்கிட்டே வாரேன்... என்ன அது, என் மனுவா? குடு. ஆமா, என் எழுத்துதான், "மேற்படி ரிஸ்பெக்கின் கால்கள் மனிதக் கால்கள் அல்ல"ன்னு... ரெண்டு பக்கம்... முத்திரை... முத்திரைக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே. இது என் எழுத்து இல்ல. பொடிப் பொடியா. "மேல் வரிசைக்கு மேல் உள்ள இடத்தையும் பார்க்கவும்."

அடிப்பாவி.

அடிப்பாவி, தெரிஞ்சிருக்கு! எப்ப இருந்து? ஏப்ரல்ல இருந்தா? அப்பறமும் மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லாம மூணு மாசம் சோறு போட்ருக்கா தாயி! நான் ரிஸ்பெக்கத் திட்டத் திட்ட, "ம்... ம்... ரொம்ப நீளந்தான்"னு ஒத்து ஊதுனா! அவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான்... என்ன சொல்லியிருப்பேன். பனியில வழுக்குச்சுன்னுதான் சொல்லியிருப்பேன். அவளுக்கும் அது தெரியும்.

சரி தாயி. இப்ப என்ன பண்ணணும்? கல்லு பழைய எடத்துக்குப் போனா, கீழ் வரிசையும் முப்பது மேல ஏறும். என் காடு எனக்கு. போகலன்னா பதினொண்ணும் சந்தைக்கு. இதுல யோசிக்க என்ன இருக்குங்கிற. இருக்கு. மூடுபனி இல்ல இன்னைக்கு. ஊரு பூராவும் வாசல்ல நின்னுக்கிட்டு மேலதான் பாத்துக்கிட்டு இருக்கு. "ஆபீசரு தூக்கச் சொன்னாங்க"ன்னு எழுதிக்கிறியா? மாட்டியா. என் பேரப் போட்டு, "ஓமுர்சாக் தானா முன்வந்து தூக்கினாரு"ன்னு? அதுவும் மாட்ட. நல்லா வளத்துருக்காங்க உன்னய.

தள்ளு. யப்பா... எறக்குறப்ப இந்தக் கனம் இல்ல. முப்பது தப்படி... இருபத்தஞ்சு... யம்மா, இடுப்பு... இந்தா. வட்டத்துக்குள்ள வச்சாச்சு. ஒண்ணு. இன்னும் நாப்பத்தொண்ணு.

கீழ யாரு அது சத்தம் போடுறது? ரிஸ்பெக்கா? என்ன தூக்குறான்? கீழ் வரிசைக் கல்லத் தூக்கிட்டு மேல வாரான் பாரு. நான் இங்க ஒண்ணு வச்சதும் அவன் அங்க ஒண்ண மாத்துறான். அப்ப நாம மேல ஏறுனதுல இருந்தே கல்லுப் பக்கத்துல உக்காந்து காத்துக்கிட்டு இருந்திருக்கான், திருட்டுப்பய. அவனுக்குப் பின்னாடி யாரு... நீல முக்காடு... பளிச்சு பளிச்சுன்னு என்னமோ மின்னுதே...

அனார்கான். நீட்டு அரிவாளக் கொண்டாந்துட்டா. ஒரு கல்லுக்குத் தொறந்த எடத்த மட்டும் அறுத்துட்டு நிக்கிறா தாயி. ஒரு வீச்சு கூடுதல் போடல பாத்தியா. நிமிந்து மேல பாக்குறா. நான் அடுத்த கல்ல வச்சாத்தான் அவளும் அடுத்த வீச்சு போடுவா.

நீ பொறப்படு. குதிரை அங்கனதான் நிக்கும், மிச்ச குமிஸையும் குடிச்சுட்டுப் போ. இல்ல, இல்ல, இப்ப என்கிட்ட பேச்சுக் குடுக்காத தாயி, அவ நிக்கிறா.