பெட்டி நெறைஞ்சு போச்சு சார்

...அதென்ன சார் கணக்கு, ஒரு ஜிபி? காலையிலேருந்து கம்ப்யூட்டரைத் தொறந்தா செவப்புல ஒரு கோடு. 'உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது'ங்குது. நெறைஞ்சா அதுக்கென்ன வந்துச்சு? என் பெட்டி, நான் நெறைப்பேன்! உக்காருங்க சார், நின்னுக்கிட்டே கேட்டா எனக்குப் பேச்சு வராது. கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேருந்து நீங்களாவது மாடியேறி வந்தீங்களே.

விஷயம் இதான். மூணு வருஷமா வீட்டுக்காரர் ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. மாறுதல் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போச்சு. இன்னிக்குத்தான் ஆர்டர் போடறாங்க. மெயில்லதான் வரும். அஞ்சு மணிக்குள்ள 'சம்மதம்'னு அதுக்கே பதில் போடணும், இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். இப்பத்தான் போன்ல சொன்னாங்க, ரெண்டு தடவ அனுப்பிட்டாங்களாம்! ரெண்டும் திரும்பிப் போயிருச்சாம்!

என்ன அப்படிப் பாக்கறீங்க... அதுவா? பெட்டிய அடைச்சுக்கிட்டிருக்கே, அதெல்லாம் ஸ்கேன். மெயில் வந்தா பிரிண்ட் எடுப்பேன், சீல் வெப்பேன், ஸ்கேன் பண்ணி எனக்கே மெயில் அனுப்பிக்குவேன். ஒரு பத்திரத்துக்கு. சிரிக்காதீங்க! சீல் இல்லாத காகிதத்த எப்படி நம்பறது? போன வாரம் எங்க டைப்பிஸ்ட் பொண்ணு, எடம் பத்தலைன்னு வந்து நின்னுச்சு. 'அழிச்சுப் பழகும்மா, சேத்து வெச்சு என்ன பண்ணப் போறே'ன்னு நல்லாக் குடுத்து அனுப்பினேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. அது வேற கதை.

எடத்தக் கூட்டித் தர ஒரு வாரமா? சரி, அழிக்கறேன்... பாருங்க, அழிக்கவும் விட மாட்டேங்குது! எந்த மகராசன் சார் பூட்டுனது? என்ன பேப்பரு அது, காட்டுங்க. 'பிரிவில் உள்ள அனைவருக்கும் ஒரு ஜிபி போதுமானது. எவரும் தனியாக அழிக்கக் கூடாது. அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் உடன் அமர்ந்து, பார்த்து, கையொப்பமிட வேண்டும். எவருக்கும் சலுகை கிடையாது.' அடேங்கப்பா, என்ன ஒரு கறாரு! யாரு இந்த...

...கையெழுத்து என்னுதுதான்.

இல்ல சார், அது அவங்களுக்குன்னு எழுதினது. நான் செக்‌ஷனுக்கே தலைவி, நானும் அதுல சேத்தியா? ...சேத்திதானா.

நீங்களே ஒரு கையெழுத்து போட்டுருங்களேன். ஆமா, செக்‌ஷன் ஆளுதான் போடணும், அதையும் நான்தான் எழுதித் தொலைச்சிருக்கேன். எல்லாரும் டீ குடிக்கப் போயாச்சு. டைப்பிஸ்ட் மட்டுந்தான் இருக்கா. அவ பாக்கக் கூடாது சார்! எப்படிச் சொல்றது... வீட்டுக்காரர் தெனம் ஒரு மெயில் போடுவார். போட்டோவோட. தானே சமைச்சு, தனியா உக்காந்து சாப்புடற தட்டு. மேல 'என் ராசாத்திக்கு'ன்னு... அம்பது வயசுல சார்! ஒண்ணையும் அழிக்கல நான். அழிக்க மனசு வரல. ஸ்கேனை மட்டும் அழிச்சாலும் பெட்டியத் தொறந்தா இதுவும் வரிசையாத் தெரியுமே?

எங்க கெளம்பிட்டீங்க? சார்! சார்...

போயிட்டாரு. மணி நாலேகால்.

கண்ணு... ஒன்னத்தாம்மா. கொஞ்சம் இங்க வர்றியா? இல்ல இல்ல, வேலையா இருந்தா நானே வர்றேன். போன வாரம் பேசுனத மனசுல வெச்சுக்காத. பேனா எடுத்துக்க, பக்கத்துல உக்காரு. ஸ்கேன மட்டும் பாத்தாப் போதும். 'ராசாத்தி'ன்னு எது வந்தாலும் கண்ண மூடிக்கணும், என்ன?

...மொதல்ல ஒனக்கு மூணு ஜிபியா?

தர்றேன் தாயே, எழுதியே தர்றேன். நம்ம பிரிவுல இருக்கற பன்னண்டு பேருக்கும் தர்றேன். நீ உக்காரு.