கில்டரையும் யூரோவையும் ஓசையால் பிரித்த ரின்ஸ்கே டெர்ப்ஸ்ட்ரா அம்மையாருக்கு

சந்தையின் சான்றாண்மையே! செவ்வாய்க்கிழமைகளின் செங்கோலே! மழையிலும் பனியிலும் மஞ்சள் மேலங்கியோடு முன்வந்து நின்ற மேற்பார்வையாளரே! ஸ்னேக் நகரச் சந்தையின் கடைக்காரர்களும் ஊழியர்களுமாகிய நாங்கள், தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

பொன்னாய்ப் பிறந்து, மாகாணத்துக்கொரு முகமாய் வளர்ந்து, வெள்ளியாகி, நிக்கலாகி, நூற்றாண்டுகள் பலவாய் நம் பைகளில் கிலுகிலுத்த நம் சொந்தக் காசான கில்டருக்கு நாடே விடைகொடுத்தபோது, சூரியகாந்தி வரைந்த பணத்தாளையும் கலங்கரை விளக்கம் வரைந்த பணத்தாளையும் நினைத்துக் கண்கலங்கியவர்கள் நாங்கள். பன்னிரண்டு நாடுகளின் பொதுக்காசான யூரோவைக் கையில் வாங்கி, எதைக் கண்டாலும் இரண்டே சொச்சத்தால் பெருக்கிக் கில்டராக்கிப் பார்த்து விலையைத் திட்டியவர்களும் நாங்களே. கடை கடையாக வந்து எங்கள் புலம்பலைக் கேட்டுச் சிரித்தவர் தாங்கள்.

பார்வையற்ற பூக்கடைக்காரர் ஹில்கே, விளிம்பில் பொறித்த 'இறைவன் நம்மோடு இருப்பாராக' என்ற எழுத்துகளை நகத்தால் வருடியே கில்டரை அறிபவர். புதிய இரண்டு யூரோ காசிலும் நம்மவர்கள் பெருமையோடு அதே வாசகத்தைப் பொறித்துவிட்டார்கள். அளவும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சேர்ந்து புழங்கிய அந்தச் சனவரியின் முதல் சந்தையில், அரை யூரோவும் பெறாத கில்டரை இரண்டு யூரோவென வாங்கி, மீதிச் சில்லறையும் கொடுத்து ஏமாந்தார் அவர். மாதம் முடிந்தால் பழைய காசு போய்விடும், அதுவரை பக்கத்துக் கடைக்காரர் காசை வாங்கட்டும் என்று இரக்கத்தோடு சொன்னோம். அவர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒருதடவை அடுத்தவன் கையில கல்லாவைக் குடுத்துட்டா, அப்புறம் அது என் கடை இல்லப்பா."

இனி வரமாட்டார் என்றே நினைத்தோம். தாங்களோ வீடு தேடிப்போய் அவரை அழைத்துவந்து, அடுத்த சந்தையில் தங்கள் கழுத்துத்துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு அவரருகே அமர்ந்தீர்கள். அவரைவிட அதிகமாக ஏமாந்தீர்கள். அப்போது தங்கள் கை தவறிக் காசொன்று கடைப்பலகை மேலிருந்த கல்லில் விழ, இருவரும் ஒவ்வொரு காசாக அதில் போட்டுக் கேட்டீர்களாம். நிக்கல் கில்டர் கணீரென்றது. ஈருலோக யூரோ மந்தமாகத் தட்டியது. அன்று முதல் ஹில்கேயிடம் காசைக் கையில் வைக்கக்கூடாது, கல்லில்தான் போடவேண்டும் என்பது இச்சந்தையின் சட்டமாயிற்று. மாதக் கடைசியில் கில்டர் போயிற்று, ஹில்கே போகவில்லை. அந்த வழக்கமும் இன்றுவரை போகவில்லை. இரக்கத்தை உதவியென்று எண்ணியிருந்த எங்களுக்கு அது வெட்கமும் பெருமையும் சேர்ந்த நாள்.

நலமும் நகைப்பும் குறையாமல், நெடுங்காலம் தாங்கள் வாழ்க! வாரந்தோறும் வாங்குபவராய் வருக!

இம்மடலோடு தரும் பூங்கொத்தை ஹில்கேயிடம்தான் வாங்கினோம். யாருக்கென்று தெரிந்தும் அவர் ஒரு காசு குறைக்கவில்லை. கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"அந்தம்மா என்னைக்காவது எனக்கு இரக்கப்பட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்."

முழு விலை கொடுத்து வாங்கிய பெருமையுடன்,
ஸ்னேக் சந்தைக் கடைக்காரர்களும் ஊழியர்களும்